ஷிஜுவின் பெடலுக்குள் நான் வைத்தது

கிட்டார் பெடலுக்குக் கெப்பாசிட்டர் வாங்குவது மீன் வாங்குவதைப் போலத்தான். அவசரப்பட்டால் வீடே நாறிவிடும். சத்தம் போகிற வழியில் நான் ஃபிலிம் வகைதான் வைப்பேன். செராமிக் கரகரக்கும். சித்திரபுரத்தில் மிக்சி ரிப்பேருக்கு நடுவே இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டவன் ஷிஜு மட்டும்தான். எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவன்.

காலால் மிதித்துக் கிட்டாரின் குரலை மாற்றும் அவனுடைய இரும்பு டப்பா என் கைவேலை. உள்ளே பழைய ரேடியோவில் ஒளிர்வது போன்ற கண்ணாடி வால்வு இருப்பதால் நேரே கரண்டில் செருக வேண்டும். கொச்சியில் ஒரு இசைக்குழு அவனைக் கூப்பிட்டதும், கோயில் வாசலில் ஊரே அந்தச் சத்தத்தைப் புகழ்ந்தது.

"சத்தமெல்லாம் கையிலதான் இருக்கு. பாஸ்கல் அண்ணன் டப்பாவுல என்ன கெடக்கு?" என்று ஷிஜு என்னைக் காட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

போகுமுன் பெடலைச் சரிபார்க்கக் கொடுத்தான். கரண்டுக்கும் டப்பாவின் இரும்புக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் உண்டு. சத்தம் அந்த வழியாகப் போவதில்லை. அங்கே எதை வைத்தாலும் இசை மாறாது. ஆனால் கெட்டாலும் கரண்டை வெளியே விடாத தனி வகையைத்தான் வைக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டுப் பழைய ரேடியோவிலிருந்து சாதாரணமான ஒன்றை வைத்தேன். அது கெட்டால் கிட்டார் கம்பி வரை கரண்ட் ஏறும். சுள்ளென்று ஒரு அடி வாங்கி என்னை நினைக்கட்டும், அவ்வளவுதான். ரப்பர் செருப்பு போட்டிருந்தால் அதோடு போயிருக்கும். எங்கள் கோயிலுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. மழைக்காலத்தில் தரை வேர்த்துக் கிடக்கும். இரண்டும் எனக்குத் தெரியும்.

கொச்சிக்குப் போவதற்கு முந்திய ஞாயிறு, பூசையில் காணிக்கைப் பாட்டின் நடுவே விழுந்தான். ஈரத்தில் கரண்ட் அடித்ததாகப் போலீஸில் எழுதி முடித்தார்கள். சவப்பெட்டிக்கு முதலில் தோள் கொடுத்தவன் நான்.

அன்றிலிருந்து கடையில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஒரு இரைச்சல் கேட்கிறது. பயமாகத்தான் இருக்கிறது.

நேற்று அவன் அம்மா மதலேனம்மாள் பெடலைச் சேலையில் பொதிந்து கொண்டுவந்தார்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும், எம்மவன் நின்ன எடத்துலயே நின்னு அவன் கிட்டாரத் தட்டிப் பாக்கணும்யா. ஆனா சத்தம் அவன் கையிலல்லா இருந்துச்சு. டப்பாவுல வருமா?"

"வரும்மா" என்றேன்.

திறந்து பார்த்தேன். நான் வைத்தது கருகி, கரண்டை நேரே இரும்புக்கு விடும்படி கிடக்கிறது. சரியான வகை மேசையில்தான் இருக்கிறது. மாற்றினால் ஷிஜுவின் சத்தம் மாறிவிடும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. அப்படியே வைத்து மூடியை முடுக்கிவிட்டேன்.