வலி நின்ற கண்ணுக்காகவும் வருந்திய மருத்துவர் விஜயகுமாரி அவர்களுக்கு

கடல் சூழ்ந்த தீவில் கண்ணொளி காத்த கருணையே! துரு தட்டும் தொழிலாளர் துயர் துடைக்கத் துணிந்த தூயவரே! போர்ட் பிளேரின் டெலானிபூர் மேட்டில் குடியிருந்தும் ஃபீனிக்ஸ் பே கப்பல் பட்டறைத் தொழிலாளரையே உறவாகக் கொண்ட பெருந்தகையே! எங்கள் கண் மருத்துவர் விஜயகுமாரி அம்மையீர், வணக்கம்!

பணி நிறைவு மடலில் வெற்றிகளை அடுக்குவது வழக்கம். எழுத உட்கார்ந்த எங்களுக்குக் கை ஓடவில்லை. நீங்கள் எதற்காகப் பாடுபட்டீர்களோ அது கைகூடவில்லை என்பது இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். பொய் எழுதினால் முகம் சுளிப்பீர்கள். ஆகவே உள்ளதையே எழுதுகிறோம்.

கப்பலின் துருவைச் சுத்தியலால் தட்டும்போது கடுகளவு இரும்பு கண்ணுக்குள் பாய்ந்துவிடும். புழுக்கத்தில் ஆவி படிகிறதென்று பாதுகாப்புக் கண்ணாடி கழுத்தில்தான் தொங்கும். பக்கத்தில் நிற்பவர் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார். சாயங்காலம் வலி நிற்கும். "நிகல் கயா, வெளிய வந்துடுச்சுப்பா" என்று முதுகில் தட்டி மறுநாள் வேலைக்கு அனுப்புவார். போனது வலி மட்டும்தான். இரும்பு உள்ளேயே இருக்கும்.

அந்த இரும்போடு கண் தனியாகப் போராடுவதை எங்களுக்குப் புரியவைத்தவர் நீங்களே! கரைகிற இரும்பைப் பற்றிச் செல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தையும், அதைத் தனக்குள் அடைத்து வைக்கும் ஃபெரிட்டினையும் சொட்டு மருந்து விடும் ஊழியர் வரை பாடம் சொன்னீர்கள். "இதெல்லாம் முடிஞ்ச மட்டும் தாங்கும் சுதா, நிரம்பிட்டா விழித்திரை சாக ஆரம்பிச்சுடும். அதுவரைக்கும் ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று எங்கள் செவிலியரிடம் பதறினீர்கள். அதற்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டுமென்று பசி மறந்து, படகுத்துறை வாசலில் நின்று, ஒவ்வொருவர் கண்ணாகப் பார்த்தீர்கள். சிலர் உங்களைக் கண்டதும் வேறு வழியாக நழுவினார்கள். கண்தான் வலிக்கவில்லையே!

ரப்பர்த் தோட்டம் விட்டுக் கப்பல் வேலைக்கு வந்த தம்பையாவுக்கு இடக்கண் முன்பே போயிருந்தது. வலக்கண்ணில் இரும்பு பாய்ந்தபோதும், வலி நின்றதும் வேலைக்குப் போனார். "பொழுது சாஞ்சா வழி வெளங்குதில்ல டாக்டரம்மா" என்று அவர் வந்து நின்றபோது அந்தப் புரதங்கள் தோற்றுவிட்டிருந்தன. கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு அனுப்பி இரும்புத் துண்டை எடுக்கவைத்தீர்கள். கரைந்து பரவியதை யாராலும் எடுக்க முடியவில்லை. அன்று நீங்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதது எங்களுக்குக் கேட்டது.

நாளை முதல் உங்கள் நாற்காலிக்கு ஆளில்லை. வேறொருவர் வருவார் என்ற நம்பிக்கையும் எங்களுக்கு இல்லை. வலி நின்ற கண்ணோடு இனி யார் வாசலுக்கு வந்தாலும், அதற்குள் இருப்பதைப் பார்த்துச் சொல்ல இங்கு எவருமில்லை. நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு நீங்கள் வாழ வேண்டுமென்று வாழ்த்துகிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சட்டமிட்ட இம்மடலைத் தம்பையாவே உங்கள் கையில் தருவார். மனைவி கருப்பாயி கைப்பிடித்து அழைத்து வந்திருக்கிறார். "நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியுது. அதுவும் போறதுக்குள்ள டாக்டரம்மா முகத்தப் பாத்துரணும்" என்று அவரே கேட்டு வந்தார். அம்மா, மேடையை விட்டு இறங்கி வந்து அவருக்கு நேர் எதிரே நில்லுங்கள். சற்றே தள்ளி நின்றாலும் அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

கலங்கிய கண்களோடு,
கண் பிரிவு ஊழியர்கள்,
போர்ட் பிளேர்