சவர்க்காரத்துக்கும் போகாத நீலம்

கல்முனை பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது முன் சீட்டிலிருந்து ஒரு இளைஞனின் குரல் கேட்டது.

"தாய்க்கிளியும் பச்சை, தகப்பனும் பச்சை. குஞ்சு மட்டும் நீலம், காக்கா."

காக்கா என்று அண்ணன்முறை வைத்து அழைக்கப்பட்டவர், மடியில் மீன் பையோடு, பக்கத்துச் சீட்டில் திரும்பினார். "நான் சும்மா தந்த பச்சைச் சோடிக்கா?"

"ஓம். நேற்றுத்தான் இறகு தெரிஞ்சுது. உங்கட நீலச் சேவல்கிளிட நிறம் அப்படியே."

"அந்தச் சேவலுக்குக் கிடைச்ச குஞ்செல்லாம், நான் தந்த அந்த ரெண்டும்கூட, பச்சையா வந்திச்சே. சாயம் பூசின கிளிய வித்துட்டானெண்டு நினைச்சு, சவர்க்காரம் போட்டு ரெண்டு தரம் குளிப்பாட்டினன் தம்பி."

"சாயம் போச்சா?"

"என்ட விரலைக் கடிச்சதுதான் மிச்சம்."

"தாய், தகப்பன் ரெண்டு பக்கத்தாலயும் வந்தாத்தான் நீலம் வெளிய தெரியுமாம். ஒரு பக்கத்தால மட்டும் வந்தா உள்ளுக்க ஒளிச்சிருக்குமாம். நீங்க தந்த ரெண்டுக்குள்ளயும் அது இருந்திருக்கு."

காக்கா யன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கொண்டக்டர் வந்து தட்டினார். "காத்தான்குடி வந்திட்டு. இறங்கல்லையா?"

"இல்ல. இவர்ர வீட்டுக்குப் போறன். குருக்கள்மடத்துக்கு இன்னொரு டிக்கட் தாங்க."

பிறகு வீட்டுக்குப் போன் எடுத்தார். "மீன் வரச் சுணங்கும். நம்மட நீலச் சேவலுக்குப் பேரப்பிள்ளை கிடைச்சிருக்கு, பார்த்திட்டு வாறன். நீ கூட்டடிக்குப் போய் அதுக்கிட்டயும் சொல்லு. குளிப்பாட்டினதுக்கு நான் வந்து மாப்புக் கேக்கிறன்."