காலிக் கட்டம்

இல்லண்ணே, அங்கதான் உலகமே தப்பா நெனச்சிட்டிருக்கு. ஒரே வீட்டை ரெண்டு பேருக்கு எழுத கம்ப்யூட்டர் விடவே விடாதுங்கறது ரொம்ப ஆபத்தான நம்பிக்கை. விடும். மரியாதையா விடும். பெல்லை அப்புறம் அடிக்கலாம், கொஞ்சம் இப்படி படிக்கட்டுப் பக்கம் வாங்க. மெதுவா பேசுவோம், எதிரொலிக்குது.

உங்க ஆர்டரைக் காட்டுங்க. பதினாலு. கதவுலயும் பதினாலுதான். என் ஆர்டர்லயும் பதினாலுதான். ரெண்டுலயும் நம்ம ஃபேக்டரி முத்திரை, ஒரே ஆபீசர் கையெழுத்து.

ஆபீசர் எதுக்கு, என்னையே கேளுங்க. குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக்கு டேட்டாபேஸை வரைஞ்சவன் நாந்தான். வரையறதுன்னா நெசமாவே ஸ்கிரீன்ல கட்டம் கட்டமா வரையறது. கட்டடத்துக்கு ஒரு கட்டம், வீட்டு நம்பருக்கு ஒரு கட்டம். ரெண்டும் சேந்து ஒரு தடவைதான் வரணும்னு யூனிக் இண்டெக்ஸ் போட்டேன். ஏ பதினாலு ஒருத்தருக்குப் போயிட்டா, அடுத்த ஏ பதினாலை வாசல்லயே நிறுத்திடும்.

ஆனா ஏ, பி, சி எல்லாம் புதுக் கட்டடங்களுக்குத்தானே? இந்தப் பழசுக்கு எழுத்தே கெடையாது. அதனால அந்தக் கட்டத்தைக் காலியா விடலாம்னு ஒரு டிக் போட்டு வச்சேன். அங்க நிக்குதுண்ணே விஷயம். ஒரு காலியும் இன்னொரு காலியும் ஒன்னுன்னு டேட்டாபேஸ் ஒத்துக்கவே ஒத்துக்காது. தெரியாததும் தெரியாததும் சமம்னு நான் எப்படி சத்தியம் பண்றதுன்னு கேக்கும். அவ்வளவு நியாயஸ்தன். காலி, பதினாலு. இன்னொரு காலி, பதினாலு. ரெண்டையும் உள்ள விட்டுடும்.

கோவப்படுங்கண்ணே, தப்பில்ல. பதினெட்டு வருஷம் பாய்லர்ல வெந்தவரு நீங்க. அண்ணி கீழ வண்டியிலயா இருக்காங்க? நிழல்ல நிறுத்தச் சொல்லுங்களேன்.

தெரியாம நடந்துச்சான்னா... இல்ல. உங்க பேரு ஏறி பத்து நாள் கழிச்சு, நீங்க லீவுல இருந்தப்போ, நானே உக்காந்து என் பேரை அதே நம்பருக்கு அடிச்சேன். நீங்க இன்னும் குடிவராததால காலியா கெடந்தது இந்த ஒரு வீடு. வரிசையில எனக்கு முன்னாடி முப்பத்தொம்பது பேரு. ஆறு வருஷத்துல நாலு வாடகை வீடு மாறியாச்சு, பாத்திரம் கட்டின சாக்கை என் சம்சாரம் பிரிக்கறதே இல்ல. எடுத்துக்குமான்னு சும்மா பாக்கத்தான் அடிச்சேன்னு நேத்து வரைக்கும் எனக்கே சொல்லிட்டிருந்தேன். எடுத்துக்கிச்சு. அச்சாகி வந்த ஆர்டர்ல ஆபீசரும் கையெழுத்துப் போட்டாரு, வாட்ச்மேன் சாவியும் குடுத்துட்டாரு.

இன்னிக்குக் காலையில போயி அந்த டிக்கை எடுத்தேன். இனிமே காலியா விட முடியாது, இந்தக் கட்டடத்துக்குப் பேரே பழையதுன்னு அடிச்சேன். மாட்டேன்னுடுச்சு. பழையது பதினாலு ரெண்டு இருக்கு, ஒன்னை எடுத்துட்டு வான்னு நிக்குது. எடுத்தேன். உங்களுது இருக்குண்ணே.

எங்க சாமானைத் திரும்ப ஏத்திட்டுப் போக நாலு மணிக்கு லாரி வருது. உள்ள அவ சமையல்கட்டு அலமாரியில பேப்பர் விரிச்சு டப்பா அடுக்கிட்டிருக்கா. அவகிட்ட இன்னும் சொல்லல.