வெள்ளை நூல் கூண்டு

— போதும், எலியச் சூட்டுத்தட்டுல இருந்து எடுத்துருங்க பெரியண்ணே. காலை நக்கிருச்சு. எத்தனை செகண்டு?

— ஒம்போதுங்க டாக்டரம்மா.

— எந்தக் கூண்டு எலி?

— வெள்ளை நூலு கட்டுனதுங்க. வெறுந்தண்ணி குடிக்கற கூட்டம்.

— மாத்திரைத் தண்ணி குடிக்கற சிவப்பு நூலும் ஒம்போது. நேத்தும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான். சலிச்சுப் போச்சு. தட்டை அணைச்சுருங்க.

— இன்னும் நாலு எலி பாக்கி இருக்குதுங்களே?

— பாத்து என்ன ஆகப்போகுது? மாத்திரை குடிச்ச எலி சூட்டுத்தட்டுல ரொம்ப நேரம் நிக்கணும், குடிக்காதது சீக்கிரம் துள்ளணும். அப்பத்தான் மாத்திரை வலிய அடக்குதுன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணா நின்னா? மனசு ஒடைஞ்சவங்களுக்குக் குடுக்கற மாத்திரை ஒடம்பு வலிக்குக் கேக்காதுன்னு எழுதி, திங்கக்கிழமை புரொபசர்கிட்ட நீட்ட வேண்டியதுதான். ரெண்டு வருசம் போச்சு.

— மொதல்ல எல்லாமே அஞ்சுல துள்ளுனதுங்கதானுங்க. இப்ப ஒம்போது வரைக்கும் நிக்குதுங்களே, அது நல்லதில்லீங்களா?

— ரெண்டு கூட்டமுமில்ல நிக்குது! மார்கழிக் குளிருல காலு மரத்துக் கெடக்குது, சூடு ஒறைக்க நேரமாகுது. சேலத்து வெயிலுக்குச் செத்துப் போகுதுங்கன்னு ஏற்காட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

— வெசனப்படாதீங்க. இந்தாங்க, காப்பி ஆறுது. ஐயாவுக்கு எப்படி இருக்குதுங்க?

— அப்பாவா? அக்கிப் புண்ணு ஆறி ஆறு மாசமாச்சு, எரிச்சல் மட்டும் போகல. சட்டைத்துணி பட்டாலே துடிக்கறார். மேல ஒரு துண்டைக்கூடப் போத்த விடமாட்டேங்கறார்.

— ஏனுங்க, இதே மாத்திரைய அவருக்கும் குடுத்து நல்லாத் தூங்கறாருன்னீங்களே? வாசக் கேட்டு வரைக்கும் நடந்தாருன்னு போன மாசம் நொம்ப சந்தோசமாச் சொன்னீங்க.

— அதை விடுங்க. மருந்துன்னு சொல்லி எதைக் குடுத்தாலும் மனுசனுக்குக் கொஞ்ச நாளைக்குக் கேக்கும். எலிக்கு அந்த நெனப்பெல்லாம் கெடையாது. அது பொய் சொல்லாது.

— பாவத்த, அதுங்களுக்கு என்னங்க தெரியும்? நம்மள நம்பித்தானுங்க பாட்டில்ல வாய வெக்குதுங்க. அதனாலதான் நானும் ஓரவஞ்சனை பண்றதில்லீங்க.

— என்ன ஓரவஞ்சனை?

— தண்ணி ஊத்தறதுலீங்க. எங்கூரு கிளியூர்ல எந்த ஊட்டுக் கல்யாணம்னாலும் பந்தி பரிமாறறது நாந்தானுங்க. ஒரே வரிசையில ஒருத்தனுக்குக் கறி, பக்கத்து எலைக்கு வெறும் சாறுன்னா, கை நனைக்காம எந்திரிச்சுப் போயிருவாங்க. தட்டு எல்லாத்துக்குந்தானுங்க சுடுது, மருந்து மட்டும் பாதிக் கூட்டத்துக்கா?

— பெரியண்ணே... நான் தெனம் காலையில வெச்சுட்டுப் போற ரெண்டு தண்ணிக் கேனையும் என்ன பண்றீங்க?

— ஒரே குண்டாவுல ஊத்தி, நல்லாக் கலக்கிப் போட்டுத்தானுங்க கூண்டு பாட்டிலுக்கு ஊத்துவேன். ஒரு சொட்டு கூடக்கொறைய வராதுங்க.

— ஐயோ. எப்பருந்து?

— ஐப்பசியில இருந்துங்க. வெள்ளை நூலு ஒண்ணு துள்ளிக் கீழ உழுந்து, காலைக் காலை நக்கிட்டே கெடந்துது பாருங்க, அன்னிக்கே மனசு கேக்கல. அதுக்கப்புறம் ஒண்ணுகூட அஞ்சுல துள்றதில்லீங்க.

— ஐப்பசியில... அப்பவே குளிரு ஏது. மாத்திரைதான் ரெண்டு கூட்டத்தையும் நிக்க வெச்சுருக்குது.

— என்னங்க, காப்பிய அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுட்டீங்க? உங்க படிப்புல மண்ணைப் போட்டுட்டனுங்களா? ஒரு வார்த்தை திட்டிருங்க டாக்டரம்மா, இப்படிப் பாக்காதீங்க.

— படிப்பு கெடக்குது. சேலத்துக்கு நாலு மணி பஸ் போயிருச்சா?

— இல்லீங்க, ஓடுனாப் புடிச்சரலாம். நாளைக்குத்தானுங்களே ஊருக்குப் போறீங்க, இப்ப என்னங்க அவசரம்?

— எலிக்குக் கேக்கலைன்னு அப்பாவோட மாத்திரைய எட்டு நாளைக்கு முன்னாடி நிறுத்திட்டேண்ணே. அதை மட்டும் குடு கண்ணுன்னு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். உங்களுக்குக் கேட்டதெல்லாம் வெறும் நெனப்புப்பான்னு சொல்லிட்டு, பஸ் ஏறி வந்துட்டேன்.