ஆட்டம் நின்ற கார்

பழவேற்காடு பஸ்ஸில் கையெல்லாம் கிரீஸாக நின்ற மெக்கானிக்கை, என் முன் சீட்டுப் பெண் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, எங்க நைனா கருவாடு ஏத்தற பழைய காரு முன்ன மாதிரி ஆடணும்.”

“இன்னாம்மா சொல்ற? நிக்கும்போது உதறுதுன்னு நீதானே கொண்டாந்த? இன்ஜின் சீரா ஓட புது வேக்குவம் அட்வான்ஸ் மாட்டினேன், ஐடிலிங்ல ஆடாம நிக்குது.”

“அதாண்ணா வம்பு. நைனாவுக்குச் சுத்தமா காது கேக்காது. உதறினாதான் இன்ஜின் ஓடுதுன்னு தெரியும். இப்ப ஓடற வண்டிக்கே மறுபடி மறுபடி சாவி திருப்பி, ஸ்டார்ட்டர் பல்லெல்லாம் தேஞ்சிபோச்சு.”

கோட்டைக்குப்பத்தில் இறங்கும்போது மெக்கானிக் படியிலிருந்து திரும்பினார்.

“வேக்குவம் டியூப்ப கழட்டி அடைச்சிர்றேன். பழையபடி உதறும்.”

“அவ்ளோ வேணாண்ணா. ஸ்டீயரிங்ல லேசா அவரு கைக்குத் தெரிஞ்சா போதும்.”