மூன்று கேள்விச் சீட்டுகள்

கேள்விச் சீட்டுக்குக் கோடு போட்ட தாள் கொடுக்கக் கூடாது, பிள்ளைகளா. கோட்டைப் பார்த்துவிட்டால் மனுஷனுக்குக் கை நிற்காது. கேள்வியை விட்டுவிட்டுச் சொந்தக் கதையை ஆரம்பித்துவிடுவான். வெள்ளைத் தாளை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக் கொடுத்தால் இரண்டே வரியில் முடிப்பான். அடுத்த புத்தக விழாவில் இதை நினைவில் வையுங்கள். நான் வரமாட்டேன்.

"அம்மா, இந்த மூணு சீட்டையும் யாரு எழுதினதுன்னு தெரியுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறீர்கள். விழாக்குழுப் பிள்ளைகள் எல்லாரும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நான்தான் எழுதினேன். டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

மேடையில் பேசிய எழுத்தாளர் என் தங்கை என்பது உங்களுக்குத் தெரியும். அவள் மகள் ஏழு வயதில், எங்கள் வீட்டு முன்புறம் தரைக்குள் கட்டியிருந்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனாள். ஒன்பது வருஷம் ஆகிறது. அதைத்தான் தங்கை புத்தகமாக எழுதினாள். முந்நூறு பக்கம். படித்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். நானும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். அழுகையால் இல்லை. என்னைத் தேடிக்கொண்டிருந்தேன். "அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான்" என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள்.

தங்கை வேலைக்குப் போவாள், வந்தால் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவாள். பிள்ளைக்குத் தலை வாரியது, சோறு ஊட்டியது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு கிடந்தது எல்லாம் நான். என்னைப் பெரிம்மா என்பாள். முறை அதுதானே. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். 'ழ' மட்டும் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. "எளுதிட்டேன் பெரிம்மா" என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். நோட்டிலும் அப்படியேதான் இருக்கும். புத்தகத்தில் இது வரவில்லை. ஆனால் தங்கைக்குத் தெரியும். அந்தக் கையைப் பிடித்து எழுதவைத்த கை இது. அவள் எழுத்து எனக்கு வராமல் போகுமா?

தங்கைக்குத் துணையாக வந்த என்னிடம், "சும்மா உக்காந்திருக்கீங்களேம்மா, சீட்டு வாங்கித் தர்றீங்களா?" என்று கேட்டது நீங்கள்தான். முதல் நாள் அவள் தனிப்பேச்சு. வாங்கிய சீட்டுக் கட்டோடு என் சீட்டு ஒன்றையும் சேர்த்து நெறியாளரிடம் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே வாசித்தார்: "அம்மா, என்ன எளுதுறீங்க?" பிறகு, "யாரோ குட்டி வாசகி போலிருக்கு, ழகரம் தகராறு பண்ணுது" என்றார். கூட்டம் சிரித்தது. தங்கை சீட்டை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் கூட்டத்தைப் பார்த்தாள், பெரியவர்களை இல்லை, அவர்களின் முழங்கால் உயரத்தில்.

மறுநாள் கலந்துரையாடல். துயரத்தை எழுதலாமா கூடாதா என்று தலைப்பு. கூடப் பேச வந்த கவிஞருக்கு மைக் என்றால் உடும்புப்பிடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியர், "எனக்கும் வாய் இருக்குய்யா" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் கேள்வி நேரம் வந்தது. என் சீட்டில், "கதவைச் சாத்திட்டு எளுதினா சத்தம் கேக்காதா?" என்று இருந்தது.

தங்கை சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "அன்னைக்கு எங்க அக்காவும் வீட்டுலதான் இருந்தாங்க. யாரும் அவங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுடக் கூடாதுன்னுதான் அவங்களைப் புத்தகத்துல கொண்டுவரல" என்றாள்.

எனக்குத் தெரியாத சேதி அது. நல்ல மனசு. அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே.

மூன்றாம் நாள் வாசகர் சந்திப்பில் என் சீட்டை நெறியாளர் வாசிக்கவே இல்லை. பார்த்ததும் மடித்தார். தங்கைதான் எட்டிப் பிடுங்கிப் படித்தாள்: "அம்மா, நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "கேட்டுச்சுடா கண்ணு. அக்கா கீழதானே இருக்காங்க, போய்ப் பார்த்துப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு மேடையின் ஓரம்வரை வந்து, "இதோ வந்துட்டேன்டா" என்று காலை வைத்தாள். அங்கே படி இல்லை.

உடம்பில் அடி அதிகம் இல்லை. மற்றதுதான். ஆஸ்பத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வலி வந்தால் கிழவனும் அம்மா என்பான், குழந்தையும் அம்மா என்பான். எந்தக் கட்டிலிலிருந்து சத்தம் வந்தாலும் அவள், "இதோ வந்துட்டேன்டா" என்று எழுந்துவிடுகிறாள். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை. நர்ஸுப் பெண்ணுக்கு அலுத்துவிட்டது. நான்தான் தோளைப் பிடித்துத் திரும்ப உட்காரவைக்கிறேன். தலை வாரிவிடுகிறேன்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். அவள் காதிலும் விழுந்ததா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது, கண்ணுகளா. ஒன்பது வருஷமாக அந்தச் சத்தத்தை நான் ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மூடியைத் திறந்தவள் நான். மூட மறந்துவிட்டு, சமையலறை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா" என்று கேட்டது. குரல் கொஞ்சம் எதிரொலித்து வந்தது. தொட்டிக்குள்ளிருந்து வந்தால் அப்படித்தான் வரும். அம்மாவைக் கூப்பிடுகிறாள், அம்மா மாடியில் இருக்கிறாள், இறங்கி வரட்டும் என்று இருந்தேன். மறுபடியும் அம்மாதான். எப்போதும் வளர்த்தவள் ஒருத்தி, வாய் கூப்பிடுவது இன்னொருத்தியை. என்னை ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடியிருக்கமாட்டேனா? இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டிருப்பேன்.

அப்புறம், "பெரிம்மா" என்றாள். இப்போதாவது நினைவு வந்ததே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தட்டில் ஒரு பிடிதான் பாக்கி. அதையும் பொறுக்கிவிட்டுத்தான் எழுந்தேன்.