பறிக்கக் கூடாத பூ

"பூப் பூத்துருச்சுன்னு ஆபீசைப் பூட்டிட்டுக் கிளம்பிட்டாக புள்ள!"

அழகர்கோவிலிலிருந்து திரும்பும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் போய்விட்டது. மடியிலிருந்த கோவில் பிரசாத தோசை கூட நழுவப் பார்த்தது. அவருக்கு ஜப்பானில் ஜவுளிக் கம்பெனியில் வேலையாம், லீவில் வந்திருக்கிறார். அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்று, கூடப் போக மறுத்துக்கொண்டே இருக்கிறாள் பக்கத்திலிருந்த மனைவி.

"அம்புட்டுப் பேரும் செர்ரி மரத்தடியில பாய் விரிச்சுச் சாப்பிடுறாக. நான் நாலு கொத்தைப் பறிச்சு, பையிலிருந்த நூலை எடுத்துச் சரம் கட்ட ஆரம்பிச்சேன்."

"மதுரைக்காரராச்சே!" என்றாள் மனைவி.

"ஒரு கிழவி ஓடியாந்து கையில போட்டுச்சு ஒரு அடி. அந்தப் பூவைக் கண்ணால பாக்க மட்டுந்தேன் செய்யணுமாம்."

தலையிலிருந்த மல்லிகை ஆட ஆட அவள் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

"பெறகு?" என்றாள்.

"யாருக்குக் கட்டுறேன்னு கேட்டுச்சு. ஊர்ல இருக்க பொண்டாட்டிக்குன்னேன். உடனே தன் பாயில உக்கார வச்சுச் சோறு குடுத்துச்சு. அடுத்த வருசம் பூக்கும்போது அவளையும் கூட்டியான்னுச்சு. சரின்னுட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"அங்க நமக்கு யாரு இருக்கான்னு கேட்டேல்ல? இந்தா, ஒரு ஆளு இருக்குல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தல்லாகுளம் வந்ததும் அவர் பக்கம் திரும்பினாள்.

"வெறுங்கையோட போயி அவுக பாயில உக்கார முடியுமா? கோரிப்பாளையத்துல எறங்குங்க. ஊறுகாய்க்கு எலுமிச்சை வாங்கணும்."